வாழைப்பழத் தோலும் கூட்டா மீனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீனில் இருக்கும் ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாவற்றையும் வாழைப்பழத் தோல் பொடியும் முட்டை ஓட்டுப் பொடியும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தே எடுத்துவிடலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று ஒரு கோவில் குழு பாக்கி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு புண்ணியவான் ஆங்கிலத்தில் வேறு மாற்றிப் போட்டிருக்கிறார், அதில் அரை மணி நேரம் பத்து நிமிடமாகிவிட்டது. என் அக்கா மகள் மாசமாக இருக்கிறாள். அவள் மாமியார் முட்டை ஓட்டை இடித்து டப்பாவில் நிரப்பி வைத்துக்கொண்டு, இனிமேல் கூட்டா மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது என்கிறார். அதனால்தான் சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

கூட்டா என்று நாங்கள் சொல்வது உங்கள் ஊர் வஞ்சிரத்தை. நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா வழியில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்த குடும்பம், அதனால் மீன் விஷயத்தில் யாராவது எதையாவது சொன்னால் எனக்கு இரண்டு பக்கமும் காது நீளும்.

முதலில் உங்கள் செய்தியில் உண்மை இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. தாவரக் கழிவுகள் கன உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் சந்தேகமே வேண்டாம். வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல், கரும்புச் சக்கை, நெல் உமி, தேங்காய் நார், தேயிலைச் சண்டு, சோளக் கொண்டை, மரத்தூள் என்று உலகம் முழுக்கச் சோதித்துப் பார்க்காத குப்பையே இல்லை. இவற்றின் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகிய தாவரப் பொருள்களில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்று சில அணுத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனையோ கால்சியத்தையோ தள்ளிவிட்டுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஈய அயனியோ செம்பு அயனியோ (மின்னேற்றம் உள்ள அணு) அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேசிலில் நறுக்கிக் காய வைத்த வாழைப்பழத் தோலை வைத்துப் பரானா ஆற்றுத் தண்ணீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிடித்துக் காட்டி, 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதே தோலை 11 முறை வரை திரும்பப் பயன்படுத்த முடிந்தது என்றும் சொன்னார்கள். உங்கள் செய்தியாளர் கையில் கிடைத்தது அந்த மாதிரி ஒரு ஆய்வாகத்தான் இருக்கும். ஆனால் அது தண்ணீரைப் பற்றியது. நடுவில் யாரோ மீனைப் போட்டுவிட்டார்கள்.

நான் வகுப்பில் இதைச் செய்து காட்டுவதுண்டு. குளிர்காலத்தில் இங்கே நார்ச்சி என்ற கமலா ஆரஞ்சுப் பழம் மலிந்து கிடக்கும், பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் கொடுப்பார்கள். அதைக் காய வைத்து, நறுக்கி, நிறம் இறங்கி முடியும் வரை வெந்நீரில் அலசி எடுக்க வேண்டும். அலசாவிட்டால் கரைசல் மஞ்சளாகப் போய் ஒன்றுமே தெரியாது, வகுப்பும் கலகலவென்று சிரிக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் வெளிறிய நீலமாக மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசல், அதில் இந்தத் தோலைப் போட்டுக் கலக்கி வைத்தால், பாடம் முடிவதற்குள் நீலம் நன்றாகவே குறைந்துவிடும். செம்பு தோலுக்குப் போய்விட்டது. அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு அதே தோலின்மேல் கொஞ்சம் அமிலம் ஊற்றுவேன், பாதி வகுப்பு அந்த நேரத்தில்தான் எழுந்து வந்து எட்டிப் பார்க்கும். நீலம் திரும்பி வரும். புளிப்பு அதிகமான இடத்தில் ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து உலோகத்தை இடத்தை விட்டு எழுப்பிவிடுகின்றன. இந்தத் தோல், சக்கை எல்லாம் நன்றாக வேலை செய்வது ஓரளவு நடுநிலையான, லேசான புளிப்புள்ள தண்ணீரில்தான், புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 5, 6 என்ற அளவில். எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து தோல் பொடியையும் சேர்த்துப் போடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு திருத்திய பதிப்பு உலவுகிறதே, அதில் ஒரு கை பிடித்ததை இன்னொரு கை விடுவிக்கிறது.

சரி, மீனுக்கு வருவோம். மீனின் உடம்பில் உலோகம் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதுபோலக் கரைந்து கிடப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் குடியிருக்கிறது. காட்மியம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும், சதையில் மிகக் குறைவு. ஈயம் செவுள், எலும்பு, ஈரல் பக்கம் போகும். ஆக இந்த இரண்டுக்கும் பொடியும் வேண்டாம், ஊறலும் வேண்டாம், மீன் ஆய்கிற கத்தியே போதும். குடல், ஈரல், செவுள், முதுகெலும்பை ஒட்டி உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு வரி ஓடுமே, அதுதான் சிறுநீரகம், கட்டைவிரல் நகத்தால் வழித்து எடுத்து நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். எங்கள் பாட்டி தலைமுறை இதை ரசாயனம் படித்துச் செய்யவில்லை, கசக்கும், நாறும் என்று செய்தார்கள். இப்போது மீன் கடையிலேயே ஆய்ந்து கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் அந்தக் கறுப்பு வரியைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். மீன் தலைக் கறி வைப்பவர்கள் செவுளை ஒட்ட எடுத்துவிட வேண்டும். நண்டுக்கு இது இன்னும் முக்கியம். ஓட்டுக்குள் பழுப்பாகக் கொழகொழவென்று இருப்பதுதான் ருசி என்று டர்பனில் ஒரு கட்சியே இருக்கிறது, நண்டு தன் காட்மியத்தைச் சேர்த்து வைப்பதும் அதே இடத்தில்தான். வருஷத்துக்கு ஒருமுறை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வாரா வாரம் வேண்டாம்.

பாதரசம்தான் வில்லங்கம்.

மீன் சதையில் இருக்கும் பாதரசம் மெத்தில் பாதரசம் என்ற வடிவத்தில் இருக்கிறது, அது கந்தகத்துக்கு அடிமை. சதையின் புரதத்தில் சிஸ்டீன் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு, அதில் கந்தகம் இருக்கிறது, மெத்தில் பாதரசம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சதை முழுக்கப் பரவி உட்கார்ந்திருக்கிறது. தோலை உரித்தாலும் போகாது, கொழுப்பை வெட்டி எறிந்தாலும் போகாது. கொழுப்பை வெட்டச் சொல்வது பிசிபி மாதிரி கொழுப்பில் சேரும் வேறு நச்சுகளுக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வேகவைத்தால், பொரித்தால், பிராய் போட்டால் (தணலில் சுட்டால்) எதிலும் போகாது, சொல்லப்போனால் மீனில் இருக்கும் தண்ணீர் வற்றி எடை குறைவதால் ஒரு கிராம் பொரித்த மீனில் ஒரு கிராம் பச்சை மீனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். இப்படிப் புரதத்தோடு பின்னிக் கிடப்பதைக் கிண்ணத்தில் மிதக்கும் வாழைப்பழத் தோல் எப்படி இழுக்கும்? தோலில் உள்ள தொகுதிகள் ஆக்சிஜன் வகை, பாதரசம் விரும்புவது கந்தகம். மூன்று அங்குலத் துண்டின் நடுவில் இருப்பது அரை மணி நேரத்தில் வெளியே நடந்து வருவதற்கும் வழி இல்லை.

இதற்கு உருப்படியாக யாராவது ஏதாவது செய்திருக்கிறார்களா என்றால், ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்திருக்கிறார்கள், 2024-ல் வெளிவந்தது. டூனா மீனை சிஸ்டீன் கலந்த நீரில் அடைத்து வைத்தார்கள். அந்தப் பாதரசத்துக்குப் பிடித்த பொருளையே வெளியே தாராளமாக வைத்துவிட்டு உள்ளிருந்து அழைக்கிற வேலை. அதிலும் கிடைத்தது என்ன தெரியுமா, 25 முதல் 35 சதவீதம் வரை குறைவு. அதுவும் டப்பாவில் நாள்கணக்கில் வைத்த பிறகு. சரியான பொருளைத் தேடிப் பிடித்து, சரியான முறையில் செய்தவர்களுக்கே மூன்றில் ஒரு பங்குதான் வந்தது என்றால், நம் அரை மணி நேர ஊறலில் எல்லாமே போய்விடும் என்பது எப்படிப்பட்ட பேச்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புளி? அந்தக் கேள்வி கட்டாயம் வரும், ஏனென்றால் டர்பன் மீன் கறி என்றாலே புளியும் தக்காளியும்தான். புளிப்பு ஈயத்தையும் காட்மியத்தையும் கொஞ்சம் கரைத்து எடுக்கும் என்பது நிஜம், இந்தோனேசியாவில் சிப்பி வகைகளை எலுமிச்சைச் சாற்றிலும் புளிச்சக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஆனால் அங்கே ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? புளிக் கரைசலைச் சட்டியிலேயே விட்டுக் கொதிக்கவைத்து, மீனிலிருந்து எது இறங்கியதோ அதைக் குழம்பாக்கிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, மறுநாள் இன்னும் ருசி என்று மிச்சத்தையும் வழித்துச் சாப்பிடுகிறோம். உலோகம் எங்கேயும் போகவில்லை, தட்டில் இடம் மாறியதோடு சரி.

இந்த ஊறவைக்கும் யோசனையில் பயனில்லை என்பதோடு நின்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கெடுதலும் இருக்கிறது. கூட்டா, டூனா, ஷாட், மத்தி இவையெல்லாம் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும் மீன்கள். டர்பன் டிசம்பர் வெயிலில் அடுப்படி மேடையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி, அதற்குள் தொலைபேசி வந்தால் ஒரு மணி. ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. முகம் சிவந்து, தலை இடித்து, வயிறு கலக்கி, மீன் அலர்ஜி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். முட்டை ஓட்டுக்கு வந்தால், வேகவைக்காத ஓட்டை இடித்துப் பச்சை மீனில் போடுவது வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லாக் கிருமியைக் கூப்பிட்டு உட்காரவைப்பது. கர்ப்பிணிப் பெண்ணின் சமையலறையில் இது தேவையா?

இனி எங்கள் ஊர்க் கதை ஒன்று, இதைச் சொல்லாமல் டர்பனில் இருந்து பாதரசத்தைப் பற்றி எழுத முடியாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கேட்டோ ரிட்ஜ் என்ற இடத்தில் தோர் கெமிக்கல்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஆலை இருந்தது. வெளிநாடுகளிலிருந்து பாதரசக் கழிவை இறக்குமதி செய்து மறுசுழற்சி செய்கிறோம் என்றார்கள். 1980களின் கடைசியில் பக்கத்து ஓடையில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டது, ஆலையில் வேலை பார்த்தவர்கள் நச்சேறி நோயாளிகளானார்கள், 1990களின் தொடக்கத்தில் இறந்தும் போனார்கள். 1995-ல் மண்டேலா விசாரணைக் குழு அமைத்தார். அந்த ஓடை உம்கேனி ஆற்றில் சேர்கிறது, ஆறு இனாண்டா அணைக்கு வருகிறது. அணையைச் சுற்றி இருக்கும் ஜூலு மக்கள் அதில் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள், கடையில் வாங்கக் காசில்லாமல் சாப்பிடுகிறவர்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வில் அங்கே சோதித்த மீன்களில் பாதி உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. அங்கே வசிப்பவர்களின் தலைமுடியையும் சோதித்தார்கள், 17 சதவீதம் பேருக்கு அளவு கூடுதல். முடியை ஏன் சோதித்தார்கள் என்றால் முடியிலும் சிஸ்டீன் நிறைய, உடம்பில் ஓடும் பாதரசம் அங்கே போய்த் தங்கிவிடும். ஆலை இறக்குமதியை நிறுத்தி எத்தனையோ வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது.

இந்த அணையைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது, இதை உங்கள் செய்தியைப் படித்து உற்சாகமாகிக் குளம் குட்டைகளில் மூட்டை மூட்டையாகத் தோலைக் கொட்டலாம் என்று நினைக்கும் நல்லவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவது அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தீனி அழுகும் தாவரப் பொருள். புதிதாக அணை கட்டி நிலம் மூழ்கும்போது செடி கொடி அழுகி, அந்த நீர்த்தேக்கத்து மீன்களில் பாதரசம் ஏறுவதை வேறு நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நாம் நல்லது செய்வதாக நினைத்துக் குப்பையைக் கொட்டினால் அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று மீனையும் கொல்லும், பாக்டீரியாவுக்கும் விருந்து வைக்கும்.

அப்படியானால் இந்தக் கழிவுகளால் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது. எனக்கு இதில் பெரிய ஆசையே உண்டு, அதனால்தான் அடுப்படி வைத்தியமாகச் சுருங்கிப்போவதைப் பார்த்து எரிச்சல் வருகிறது. 1860-ல் எங்கள் முன்னோர் இந்தக் கரையில் இறங்கியதே கரும்புக்காக. இன்றைக்கும் வடகரை முழுக்கக் கரும்புதான். ஒரு டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும், பெரும்பாலும் அதை ஆலைக் கொதிகலனிலேயே எரித்துவிடுகிறார்கள், சாம்பல் மலையாகக் கிடக்கும். அந்தச் சாம்பலையே உலோகம் உறிஞ்சப் பயன்படுத்தி இந்தியாவில் ரூர்க்கியில் ஆய்வு செய்திருக்கிறார்கள், ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் எல்லாவற்றுக்கும். சக்கையைச் சிட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினால் அதன் பிடிப்புச் சக்தி இன்னும் கூடும். இதை ஒரு குழாயிலோ தொட்டியிலோ அடைத்து, உலோக முலாம் பூசும் பட்டறைகள், பேட்டரி உடைக்கும் இடங்கள், கப்பல் பழுது பார்க்கும் முற்றங்கள் ஆகியவற்றின் கழிவுநீர் ஓடையில் கலப்பதற்கு முன்னால் அதன் வழியாக ஓட விட்டால், மீனுக்கு உலோகம் போய்ச் சேருவதே குறையும். கரையில், குழாய்க்குள், கண்காணிப்பில் இருக்கிற சக்கைக்குத்தான் மதிப்பு. ஜேக்கப்ஸ், புராஸ்பெக்டன் பக்கம் சின்னப் பட்டறைகள் எத்தனை இருக்கின்றன! உலோகத்தைப் பிடிக்கும் விலை உயர்ந்த செயற்கைப் பிசின்களை வாங்கச் சொன்னால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சக்கை என்றால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாதரசத்துக்குச் சக்கையைவிடக் கோழி இறகு பொருத்தம். இறகு கெரட்டின் என்ற புரதம், கெரட்டினில் கந்தகம். இந்த மாகாணத்தில் கோழிப் பண்ணைகளுக்குக் குறைவே இல்லை, இறகை என்ன செய்வதென்று தெரியாமல் அரைத்துத் தள்ளுகிறார்கள். இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கும் கைட்டோசானும் நல்ல உறிஞ்சி.

மீன் வளர்ப்பவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. எகிப்தில் திலாப்பியாத் தொட்டிகளில் இப்படிப்பட்ட கழிவுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள், நீரில் உலோகம் குறைந்தால் மீன் உடம்பிலும் குறைவாகச் சேருகிறது. முட்டை ஓட்டுக்கும் இங்கே ஒரு நியாயமான வேலை உண்டு. முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கால்சியம் கூடுதலாக இருந்தால் மீனின் செவுள் காட்மியத்தையும் ஈயத்தையும் குறைவாக இழுக்கும், ஏனென்றால் கால்சியம் நுழைகிற அதே கதவு வழியாகத்தான் அவையும் நுழையப் பார்க்கின்றன. உயிரோடு இருக்கும் மீனுக்கு உதவுகிற பொருளைச் செத்த மீனுக்குத் தடவச் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மீனை நல்ல தண்ணீரில் சுத்தமான தீனி போட்டு வைத்திருந்தால் சில உலோகங்கள் தானாகவும் மெல்லக் குறையும், ஆனால் மெத்தில் பாதரசம் இறங்க மாதங்கள், பெரிய மீனுக்கு வருஷங்கள்கூட ஆகும். அதுவரை தீனி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது.

உலோகம் ஏறிய சக்கையை என்ன செய்வது என்பதையும் உங்கள் செய்தி சொல்லவில்லை. அது இப்போது நச்சுக் கழிவு. தோட்டத்தில் போடக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது, சும்மா எரிக்கவும் கூடாது. காட்மியமும் பாதரசமும் புகையோடு நம் மூக்குக்கே வரும். அமிலத்தில் கழுவி உலோகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு சக்கையை மறுபடி பயன்படுத்தலாம், வகுப்பில் நீலம் திரும்பி வந்ததே, அதே வேலை. கடைசியில் மிஞ்சுவதை முறையாக அப்புறப்படுத்தத்தான் வேண்டும், அதற்குச் செலவு உண்டு.

இனி வீட்டுக்கு என்ன வாங்குவது? பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அதிலிருந்து இன்னும் பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும், வயசாக ஆகக் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இவையும் உண்டு: சுறா, வாள்மீன், மார்லின், பெருங்கண் டூனா, அதோடு கிங் மேக்கரல். இந்தக் கிங் மேக்கரல் அட்லாண்டிக் இனம், நம் கூட்டா அதன் நேர்ப் பங்காளி, ஒரே பேரினம், அதே மாதிரி வேட்டையாடித் தின்கிற பெரிய மீன். அதனால் என் அக்கா மகளிடம் பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும் வரை கூட்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசத்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 50 நாள் ஆகும், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைதான் அதற்கு முதலில் பலியாகும். ஜப்பானில் மினமாத்தாவில் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டவர்களிடம் 1956-ல் நோய் வெளியே தெரிந்தபோது, தாய்மார்களுக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லாமலே பிள்ளைகள் பாதிப்போடு பிறந்தார்கள்.

ஆனால் மீனையே நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. பயமுறுத்தல் செய்திகளைப் படித்துவிட்டு மீனை விட்டுக் கோழி நகெட்டுக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு மீனில் நிறைய இருக்கிறது, அதே அமெரிக்கப் பட்டியல் பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சாப்பிடச் சொல்கிறது. மத்தி, பில்ச்சர்ட், ஹேக் எல்லாம் அந்த வகை. மே, ஜூன், ஜூலையில் கடற்கரையில் சார்டின் கூட்டம் கரை ஒதுங்கும்போது கூடையோடு ஓடுகிறோமே, அதுதான் மாசமாக இருப்பவளுக்குச் சாப்பாடு. டப்பாவில் வரும் பில்ச்சர்டில் வைக்கும் டின் மீன் கறியை ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாதரசக் கணக்கில் அது கல்யாண வீட்டுக் கூட்டா பொரியலைவிட உசத்தி. ஷாட் இரண்டுக்கும் நடுவில், வாரத்துக்கு ஒரு வேளை போதும். அக்டோபர், நவம்பரில் அதைப் பிடிக்கத் தடை, அந்த மாதங்களில் யாராவது திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள், அது வேறு விஷயம், ஆனால் சொல்ல வேண்டியது.

எங்கே பிடித்த மீன் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மடவை சின்ன மீன்தான், நல்ல மீன்தான், ஆனால் அது சேற்றை மேய்கிற மீன். துறைமுகத்துக்குள் கப்பல் பட்டறைப் பக்கம் பிடித்த மடவையும் வெளியே சுத்தமான கழிமுகத்தில் பிடித்த மடவையும் ஒன்றாகாது. உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் நம் ஆட்களிடம் கேட்டால் பொழுதுபோக்குக்குத்தான் என்பார்கள், அப்புறம் பையில் போட்டு வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒரு பலகை வைத்தால் என்ன? இன்ன இடத்து மீன், இன்ன வகை, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று ஜூலுவிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் தமிழிலும் இரண்டு வரி. மீன்களை வருஷா வருஷம் சோதித்து முடிவை ஊர் மக்கள் பார்க்கும்படி போட்டால் வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கு வேலை இருக்காது.

ஆசிரியர் அவர்களே, மறுப்புச் செய்தி போடுவது பத்திரிகைகளுக்கு வேப்பங்காய் என்று தெரியும். ஆனால் அந்தப் பெட்டிச் செய்தி முதல் பக்கத்திலிருந்தே சுட்டிக் காட்டப்பட்டது, அதனால் திருத்தத்தையும் கண்ணில் படுகிற இடத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கடிதம் நீளம் என்றால் ஊர்க் கதையை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஹிஸ்டமின் பற்றியும் கூட்டா பற்றியும் எழுதியதை மட்டும் வெட்டாதீர்கள்.

இந்த இரண்டு வாரத்தில் ஏற்கெனவே டப்பா டப்பாவாக முட்டை ஓடு இடித்து வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம், மீனில் ஊறவைக்காத சுத்தமான பொடி என்றால் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டுக் கிளறிவிடுங்கள். வாழைப்பழத் தோலையும் அப்படியே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.